டர்போ மாற்றச் சொல்கிறார்கள், அதற்கு முன் பிரீதர் பக்கம் பார்க்கலாமா?

பாமணிக்கரை, மன்னார்குடி

வணக்கம். வண்டி 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல், போர்ட் இன்ஜெக்‌ஷன், மேனுவல் கியர், 68,000 கி.மீ. ஓட்டம் பெரும்பாலும் மன்னார்குடி–நீடாமங்கலம்தான். ஒரு தடவைக்கு 15 கி.மீ.க்கு மேல போகாது.

ஆயில் 2,000 கி.மீ.க்கு முக்கால் லிட்டர் குறையுது. நீடாமங்கலம் ரயில்வே கேட்ல பத்து நிமிஷம் ஐடில்ல நின்னுட்டு எடுத்தா பின்னால நீலப் புகை. இன்டர்கூலர் (டர்போ அனுப்புற காத்தை ஆத்துற ரேடியேட்டர்) கீழ் ஹோஸைக் கழட்டினா ரெண்டு ஸ்பூன் அளவு ஆயில் நிக்குது. ஆயில் கேப்புக்கு அடியில மஞ்சளா பசை. கூலன்ட் குறையலை, செக் இன்ஜின் லைட்டும் இல்லை.

டர்போ சீல் போச்சு, முழுசா மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். பிரீதர் (இன்ஜினுக்குள்ள சேர்ற வாயு போய்வர்ற ஹோஸ்), பிசிவி வால்வு (அந்த வாயுவை இன்டேக் பக்கம் ஒரு திசையில மட்டும் விடுற வால்வு) கோளாறாலயும் இதெல்லாம் வருமா? வரும்னா வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேட்ச் கேன் (அந்த வாயுவோட வர்ற ஆயிலைப் பிடிச்சு வைக்கிற டப்பா) போட்டா சரியாகுமா?


குடந்தை கேஸ்கெட், கும்பகோணம்

வரும். டர்போவுக்குப் பணம் கட்டும் முன் கிராங்க் கேஸ் (பிஸ்டன்களுக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறை) அழுத்தத்தை அளந்துவிடுங்கள். அளக்காமல் டர்போவைக் கழற்ற விடாதீர்கள்.

டர்போ சீல் என்று எல்லோரும் சொல்வது ரப்பர் சீல் அல்ல. ஷாஃப்டின் இரு முனையிலும் பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன உலோக வளையம் இருக்கிறது, அவ்வளவுதான். அது தனியாக ஆயிலைத் தடுத்து நிறுத்தாது. பம்பிலிருந்து அழுத்தத்தோடு வருகிற ஆயில் பேரிங்கைத் தாண்டியதும் தன் எடையால் மட்டுமே சம்புக்கு (கிராங்க் கேஸின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இறங்க வேண்டும். சம்புக்குள் அழுத்தம் இருந்தால் இறங்காது. ஐப்பசி மழையில் வடிகால் நிறைந்து நின்றால் வயல் தண்ணீர் வடியாமல் ஏறுகிறதே, அதேதான். ஏறிய ஆயில் ஒரு பக்கம் கம்ப்ரஸர் (டர்போவில் காற்றை அழுத்தும் சக்கரம்) வழியாக இன்டர்கூலருக்கும், மறுபக்கம் டர்பைன் (புகையால் சுற்றும் சக்கரம்) வழியாகச் சைலன்ஸருக்கும் போகும். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறியும் வந்துவிட்டது பாருங்கள். இந்த நிலையில் புது டர்போ போட்டாலும் அதுவும் ஆயில் கக்கும்.

உங்கள் மாதிரி இன்ஜினில் கிராங்க் கேஸுக்கு இரண்டு வழி. முதலாவது, வால்வு கவரிலிருந்து பிசிவி வால்வு வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்). இரண்டாவது, வால்வு கவரிலிருந்து பிரீதர் ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் குழாய்க்கு. ஐடிலில் மேனிஃபோல்டில் நல்ல இழுவை இருக்கும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க் கேஸுக்குள் இறங்கிய வாயுவை அது பிசிவி வழியாக இழுக்கும், பதிலுக்குச் சுத்தக் காற்று பிரீதர் வழியாக உள்ளே வரும். பூஸ்ட் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்று) ஏறியதும் மேனிஃபோல்டில் இழுவை போய் அழுத்தம் வந்துவிடும். அப்போது பிசிவி இறுக்கமாக மூடிக்கொள்ள வேண்டும். வாயு முழுக்கப் பிரீதர் ஹோஸில் திசை திரும்பி டர்போ முகப்புக்குப் போக வேண்டும். அதாவது ஒரே பிரீதர் ஹோஸ் ஐடிலில் உள்ளே இழுக்கிறது, பூஸ்ட்டில் வெளியே விடுகிறது. டர்போ இல்லாத வண்டியில் பிசிவி கொஞ்சம் கசிந்தாலும் பெரிதாக எதுவும் நடக்காது. டர்போவில் அதே கசிவு பூஸ்ட் காற்றை நேரே சம்புக்குள் ஊதும்.

சோதனைக்கு வருவோம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு செய்யுங்கள்.

முதலில் கையுறை. ஐடிலில் ஆயில் கேப்பைத் திறந்து, அந்தத் துளையின் வாயில் மெல்லிய ரப்பர் கையுறையை மாட்டி ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். மெதுவாக உள்ளே இழுத்தால் சரி. பலூன் மாதிரி ஊதி நின்றால் பிசிவி வழி அடைப்பு அல்லது ரிங் தேய்மானம். படாரென்று உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டால், அல்லது கேப்பைத் தூக்கவே கஷ்டமாக இருந்து விசில் சத்தம் கேட்டால், பிசிவி திறந்தபடி சிக்கியிருக்கிறது அல்லது பிரீதர் ஹோஸ் அடைத்திருக்கிறது. அப்படி இருந்தால் அடுத்த சோதனைக்குப் போகாதீர்கள். ஐடிலில் மேனிஃபோல்ட் இழுவை ஆறு மீட்டர் தண்ணீரைத் தூக்கும் அளவு. நீங்கள் மாட்டும் குழாய்த் தண்ணீர் முழுவதும் இன்ஜினுக்குள் போய்விடும்.

இழுவை மிதமாக இருந்தால் நீர் மானோமீட்டர், அதாவது தண்ணீர் மட்டத்தை வைத்து அழுத்தம் அளக்கும் குழாய். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் 4 மீட்டர் போதும். ஒரு பலகையில் 60 செ.மீ. உயரத்துக்கு U வடிவில் கட்டி, பாதி உயரம் வரை மஞ்சள் கரைத்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும், மறுமுனை கிராங்க் கேஸுக்கு. டிப்ஸ்டிக் குழாயில் மாட்ட வேண்டாம், பல இன்ஜின்களில் அதன் அடிமுனை ஆயிலுக்குள் மூழ்கியிருப்பதால் அளவு தப்பாக வரும். பழைய ஆயில் கேப் ஒன்றில் துளை போட்டு பித்தளை நிப்பிள் பொருத்திக்கொள்ளுங்கள்.

படிக்க வேண்டியது இரண்டு கால்களின் நீர்மட்ட வித்தியாசம். ஒரு பக்கம் 3 செ.மீ. ஏறினால் மறுபக்கம் 3 செ.மீ. இறங்கியிருக்கும், ஆக அளவு 6. நிறையப் பேர் இங்கேதான் பாதியாகப் படித்துவிடுகிறார்கள். 10 செ.மீ. நீர் என்பது ஏறக்குறைய 1 கிலோ பாஸ்கல், 10 மில்லிபார்.

ஐடிலில், நின்றபடி 2,500 ஆர்பிஎம்மில், பிறகு ஓட்டத்தில் முழு லோடில் என மூன்று அளவு வேண்டும். ஓட்டத்தில் பார்க்க டியூபை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, பக்கத்தில் இன்னொருவர் பலகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் பக்கம் மேடே கிடையாது. அதனால் ஆளில்லாத நேர் ரோட்டில் மூன்றாவது கியர், 1,500 ஆர்பிஎம், ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்தி 3,500 வரை. ஐந்து விநாடியில் தெரிந்துவிடும். ஓட்டுகிறவர் ரோட்டை மட்டும் பார்க்கட்டும்.


அரசலாறு, காரைக்கால்

மேலே சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. ஐடில்ல நின்னு எடுத்ததும் மட்டும் நீலப் புகைன்னா வால்வு ஸ்டெம் சீலும் (வால்வுத் தண்டு வழியா ஆயில் இறங்காம தடுக்கிற ரப்பர்) காரணமா இருக்கலாம். ஐடில் இழுவையில, வால்வுத் தண்டு ஓடுற கைடு வழியா ஆயில் இறங்கி, வண்டியை எடுத்ததும் எரியும். ஆனா ஸ்டெம் சீல் போனா இன்டர்கூலர்ல ஆயில் நிக்காது. உங்களுக்கு ரெண்டும் இருக்கிறதால சம்பு அழுத்தம் மேலதான் சந்தேகம் அதிகம்.

டர்போவைக் கழட்டாமலே பார்க்கலாம். இன்ஜின் ஆறினப்புறம் இன்லெட் குழாயை மட்டும் எடுத்துட்டு கம்ப்ரஸர் வீலை விரலால சுத்துங்க. மேலும் கீழும் லேசா ஆடுறது இயல்பு, ஆயில் படலம் இல்லாதப்போ அந்த இடைவெளி தெரியும். வீல் ஓரம் ஹவுசிங்ல உரசக் கூடாது, உரசின தழும்பும் இருக்கக் கூடாது. ஷாஃப்டை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க, அந்தத் திசையில ஆட்டம் விரலுக்குத் தெரிஞ்சா பேரிங் போச்சு. தெரியலைன்னா டர்போவைக் குத்தம் சொல்ல அவசரப்பட வேணாம்.

டர்போவுக்கு அடியில இருக்கிற டிரெயின் குழாயையும் பாருங்க. கேஸ்கெட் போடும்போது சிலிக்கான் பேஸ்ட் தடவியிருந்தா பிதுங்கி உள்ளே அடைச்சிருக்கும். அந்த இடத்துல பேஸ்ட் தடவவே கூடாது.

ஏர் ஃபில்டர் எப்போ மாத்தினீங்க? இது நம்ம பக்கத்துக்கே உரிய விஷயம். குறுவை அறுவடையிலயும் தை மாச சம்பா அறுவடையிலயும் ரோட்டுல நெல்லு காயுது, பக்கத்துல மெஷின் அறுக்குது, தூசியும் சுணையும் காத்துல பறக்குது. கம்பெனி சொல்ற கி.மீ. வர்றதுக்கு முன்னாடியே ஃபில்டர் அடைஞ்சிடும். அடைஞ்சா டர்போ முகப்புல இழுவை ஏறும், பிரீதர் வழியா ஆயில் மூடுபனியையும் சேர்த்து இழுக்கும், கம்ப்ரஸர் பக்க வளையத்துலேர்ந்தும் ஆயிலை உறிஞ்சும். பெரிய டீசல் இன்ஜின்ல ஃபில்டர் மாத்தச் சொல்ற எல்லை 25 அங்குல நீர், சுமார் 63 செ.மீ. அந்த அளவு இழுவைன்னா எவ்வளவு ஆயிலைக் கிளப்பும்னு நீங்களே பாருங்க. பேப்பர் ஃபில்டரை ஏர் அடிச்சுத் திரும்பப் போடாதீங்க, மடிப்பு கிழிஞ்சா சுணை நேரா கம்ப்ரஸர் வீல்ல போய் அடிக்கும்.

ஆயில் லெவல்? மேல் கோட்டைத் தாண்டி ஊத்தியிருந்தா கிராங்க் அடிச்சு நுரைச்சு பிரீதர்ல ஏறும். சமதரையில நிறுத்தி, பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க.

மஞ்சள் பசையைக் கண்டு ஹெட் கேஸ்கெட் போய்க் கூலன்ட் ஆயில்ல கலந்துடுச்சோன்னு பயப்பட வேணாம், கூலன்ட் குறையலைங்கிறீங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி உண்டாகுது. அதுல ஒரு துளி ரிங்கைத் தாண்டி சம்புக்கு வரத்தான் செய்யும். கூலன்ட் முள்ளு நடுவுல நின்னாலும் ஆயில் அதைவிட மெதுவாத்தான் சூடாகும். 15 கி.மீ. ஓட்டத்துல தண்ணி ஆவியாகிப் போக நேரம் பத்தாது. வாரம் ஒரு தடவை நிறுத்தாம அரை மணி, முக்கால் மணி ஓட்டுங்க, தஞ்சாவூர் வரை போய் வந்தாலே போதும். டிப்ஸ்டிக்லயே பால் மாதிரி இருந்தா அது வேற கதை, அப்போ ஓட்டாதீங்க.


பாமணிக்கரை

ரெண்டு பேருக்கும் நன்றி. டர்போ வீல் உரசலை, முன்பின் ஆட்டம் விரலுக்குத் தெரியலை. ஆயில் லெவல் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல. ஃபில்டர் நிறைய சுணையோட இருந்துச்சு, புதுசு மாத்திட்டுத்தான் அளந்தேன். கையுறை லேசா உள்ளே இழுத்துச்சு.

ஐடில்: 3 செ.மீ. இழுவை.
2,500 ஆர்பிஎம், நின்றபடி: 2 செ.மீ. இழுவை.
மூணாவது கியர், முழு லோடு: 16 செ.மீ. அழுத்தம்.


குடந்தை கேஸ்கெட்

அருமையாக அளந்திருக்கிறீர்கள். ஐடிலில் சரி, பூஸ்ட்டில் மட்டும் அழுத்தம். இதற்கு மூன்றே காரணம்: பிசிவி மூடாமல் பூஸ்ட் காற்று உள்ளே வருகிறது, அல்லது பிரீதர் ஹோஸ் நெரிந்தோ அடைத்தோ இருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்து வாயு அளவுக்கு மீறி இறங்குகிறது. இந்த வரிசையிலேயே பாருங்கள், செலவும் அதே வரிசையில்தான் ஏறும்.

பிசிவிக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் ஹோஸை முழுக்க அடைத்துவிட்டு அதே லோடு சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ரப்பர் ஹோஸ் என்றால் ஹோஸ் பிஞ்ச் கிளாம்ப் போதும். கட்டிப் பிளாஸ்டிக் குழாய் என்றால் நசுக்காதீர்கள், வெடித்துவிடும். கழற்றி இரண்டு முனையையும் ரப்பர் மூடியால் அடைத்து, மேனிஃபோல்ட் பக்கத்து மூடிக்கு மட்டும் கிளாம்ப் இறுக்குங்கள், இல்லாவிட்டால் பூஸ்ட்டில் பிய்த்துக்கொண்டு பறக்கும். சோதனைக்கு மட்டும்தான் இப்படி, அடைத்தபடியே நாள்கணக்கில் ஓட்டக் கூடாது.

அழுத்தம் போய்விட்டால் குற்றவாளி பிசிவி. போகாவிட்டால் பிரீதர் ஹோஸைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். சூட்டில் உள் படலம் உரிந்து கதவு மாதிரி மூடிக்கொள்வது உண்டு, வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகவே இருக்கும். அதுவும் சரியென்றால் லீக் டவுன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தக் காற்று விட்டு எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. ஆயில் கேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராகக் காற்று விடச் சொல்லுங்கள். கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20 தாண்டி கேப் வாயில் உஸ்ஸென்று சத்தம் கேட்டால் ரிங்.

பிசிவியைக் குலுக்கி, கடகடவென்று சத்தம் வந்தால் நல்ல வால்வு என்பார்கள். அது உள்ளே இருக்கும் முளை அசைகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. டர்போவில் தெரிய வேண்டியது முளை இருக்கையில் இறுக்கமாக உட்காருகிறதா என்பது. மேனிஃபோல்ட் பக்கத்திலிருந்து சுத்தமான டியூப் வைத்து வாயால் ஊதுங்கள், காற்று போகவே கூடாது.


நாகை டீசல், நாகப்பட்டினம்

இங்கே டீசல்காரங்களும் படிப்பாங்க, அதனால ரெண்டு வரி. டீசல்ல ஐடில்ல மேனிஃபோல்ட் இழுவை கிடையாது. அதனால பெரும்பாலான கார் டீசல்ல வாயு ஒரே வழியா, வால்வு கவர்ல இருக்கிற ஆயில் செப்பரேட்டர் (வாயுவிலேர்ந்து ஆயிலைப் பிரிக்கிறது), டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) வழியா டர்போ முகப்புக்குப் போகும். டயாஃப்ரம் கிழிஞ்சா டர்போ இழுவை முழுக்க சம்புல விழுந்து ஆயிலை உறிஞ்சும். செப்பரேட்டர் அடைஞ்சா அழுத்தம் ஏறி கிராங்க் சீல், வால்வு கவர் கேஸ்கெட் எல்லாம் கசியும். கார்புரேட்டர் கிளீனர் அடிச்சு டயாஃப்ரத்தைக் கழுவாதீங்க, ரப்பர் உப்பிக் கிழிஞ்சிடும்.

டீசல்ல இன்டர்கூலர்ல ஆயில் தேங்க விடுறது ஆபத்து. அந்த ஆயிலையே எரிபொருளா இழுத்துக்கிட்டு இன்ஜின் தானா ரேஸ் ஆக ஆரம்பிச்சா சாவியை எடுத்தாலும் நிக்காது. மேனுவல் வண்டின்னா பிரேக்கை முழுசா மிதிச்சு, மேல் கியர் போட்டு, கிளட்சைப் பட்டுனு விட்டு அணைக்கணும். பானெட்டுக்குள்ள கையை விடாதீங்க.


பாமணிக்கரை

ஹோஸை அடைச்சுட்டு அதே ரோட்டுல அளந்தேன். முழு லோடுல 4 செ.மீ. இழுவை வருது, அழுத்தம் சுத்தமா இல்லை. வால்வைக் கழட்டி ஊதினா ரெண்டு பக்கமும் காத்து போகுது.

வேற என்னென்ன மாத்தணும், இன்டர்கூலரை எப்படிச் சுத்தம் பண்றது? கேட்ச் கேன் வேணுமா?


குடந்தை கேஸ்கெட்

முடிந்தது. டர்போ நன்றாக இருக்கிறது, பிசிவியை மாற்றுங்கள். உங்கள் இன்ஜின் எண்ணுக்கே உரிய வால்வு வேண்டும். டர்போ இல்லாத அதே கம்பெனி இன்ஜினின் வால்வு கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் பூஸ்ட் அழுத்தத்தைத் தாங்கி மூடாமல் போகலாம், ஸ்பிரிங்கும் வேறாக இருக்கலாம். பழைய வால்வைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள். கூடவே அதன் ஓ-ரிங், இரண்டு பக்க ஹோஸ், கிளாம்ப். அறுவடை முடிந்த மாதங்களில் வயலிலிருந்து எலி வண்டிக்குள் ஏறும், பிரீதர் ஹோஸின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். அங்கே ஓட்டை இருந்தால் ஃபில்டர் பார்க்காத தூசி நேரே டர்போவுக்குப் போகும்.

ஹோஸ் கடையில் ஹீட்டர் ஹோஸை வெட்டிக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அது இபிடிஎம் ரப்பர், கூலன்டுக்கு நல்லது, ஆயில் பட்டால் ஊதிப் பிசுபிசுத்துவிடும். நைட்ரைல் அல்லது ஃப்ளோரோ உள்படலம் உள்ள ஆயில் ஹோஸ் கேளுங்கள். உள்விட்டம் பழையதைவிட ஒரு மி.மீ.கூடக் குறையக் கூடாது.

இன்டர்கூலரைக் கழற்றி, வாயைக் கீழாக வைத்து ஓர் இரவு வடிய விடுங்கள். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, நிறம் மாறாமல் வரும்வரை இரண்டு மூன்று முறை. கடைசியில் சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், வெயிலில் ஒரு முழு நாள். ஈரமோ மண்ணெண்ணெயோ உள்ளே இருக்கும்போது பூட்டக் கூடாது. சைலன்ஸருக்குள் இறங்கிய ஆயில் எரிந்து தீரும்வரை சில நாள் புகை வரலாம், அதைப் பார்த்து மறுபடி டர்போவைச் சந்தேகிக்க வேண்டாம். புது வால்வோடு லோடு சோதனையைத் திரும்பச் செய்து, அழுத்தம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள், தண்ணீர் கலந்த பழைய ஆயில் இனி வேண்டாம்.


நாகை டீசல்

கேட்ச் கேன் பத்தி நான் சொல்றேன். உங்களுக்கு இப்போ தேவையில்லை. போர்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோல் இன்டேக் வால்வு மேல பட்டுக் கழுவிக்கிட்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போறதால அந்தக் கழுவல் இல்லாம ஆயில் படிஞ்சு கரியா இறுகும், அங்கேதான் கேனுக்கு உண்மையான பலன். கெட்ட பிசிவியை வச்சுக்கிட்டு கேன் போட்டா அழுத்தம் அப்படியேதான் இருக்கும், கேன் சீக்கிரம் நிறையும், அவ்வளவுதான்.

அப்படியும் போடுறதா இருந்தா, உள்ளே தடுப்புத் தகடும் துருப்பிடிக்காத கம்பி வலையும் இருக்கிற கேனா வாங்குங்க. வெறும் டப்பால வாயு ஒரு வாயில நுழைஞ்சு மறுவாயில அப்படியே போயிடும். பாத்திரம் தேய்க்கிற சாதா இரும்பு நாரை அடைக்காதீங்க, துருப்பிடிச்சு உதிர்ந்து டர்போவுக்குள்ள போகும். எக்ஸாஸ்ட் பக்கம் வேணாம், காத்து படுற குளிர்ந்த இடத்துல மாட்டுங்க. வால்வு கவர்லேர்ந்து கேன் வரைக்கும் ஹோஸ் ஒரே சரிவா இறங்கணும், நடுவுல தொங்கினா அங்கே ஆயில் தேங்கி வழியை அடைக்கும். கேனோட வெளிவாயைத் திரும்ப டர்போ முகப்புலதான் சேர்க்கணும். சின்ன ஃபில்டர் மாட்டித் திறந்து விடுறவங்க இருக்காங்க, அது விதிக்கு விரோதம். பெட்ரோல் வண்டி அங்கீகாரச் சோதனையில டைப் 3ங்கிறதே கிராங்க் கேஸ் வாயு வெளியே வரக்கூடாதுங்கிறதுக்காக வச்சது. விதி இல்லைன்னாலும், திறந்து விட்டா டர்போ முகப்போட இழுவை சம்புக்குக் கிடைக்காது. நீங்க ஹோஸை அடைச்சுட்டு அளந்த அந்த 4 செ.மீ. அதுலேர்ந்துதான் வந்துச்சு.

கேனை 1,500 கி.மீ.க்கு ஒரு தடவை வடிங்க. ஐப்பசி, கார்த்திகையில 500க்கே பாருங்க, அப்போ வடியிறதுல பாதிக்குமேல தண்ணியாத்தான் இருக்கும். வடிச்சதை வாய்க்கால்ல ஊத்திடாதீங்க, பழைய ஆயில் வாங்குறவங்ககிட்ட கொடுங்க.